இரத்தக் கொதிப்பும் இளக மறுக்கும் சிறு நாளங்களும்



குக்கருக்கும் பிரஷர், பாட்டிக்கும் பிரஷர் என்று ஒரே சொல்லைச் சமையலறையிலும் திண்ணையிலும் வழங்கி வருகிறோம். "பிரஷர் என்றால் என்ன?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "இரத்தம் கொதிக்கிறது டீச்சர்" என்பாள் ஒருத்தி. "ரொம்பக் கோபப்பட்டால் வருவது" என்பாள் அடுத்தவள். "நெஞ்சு படபடவென்று அடிப்பது" என்று மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்.

இரத்தம் கொதிப்பதில்லை. நோயாளியின் இரத்தமும் நம் இரத்தமும் ஒரே சூட்டில்தான் ஓடுகின்றன. இரத்தக் கொதிப்பு என்னும் பெயர் நம்மிடையே வேரூன்றி விட்டதால் நானும் அதையே எழுதுகிறேன். ஆயினும் நோய் குடியிருக்கும் இடம் அடுப்பன்று, குழாய். அதிலும் புத்தகப் படத்தில் சிவப்பு மையால் வரைந்து காட்டும் பெரிய தமனிகள் அல்ல. தையல் நூலைவிட மெல்லிய சிறு நாளங்கள். அந்நாளங்கள் செய்ய வேண்டிய வேலைகளுள் முக்கியமான ஒன்று, வேண்டிய நேரத்தில் இளகிக் கொடுப்பது. இரத்தக் கொதிப்பு நீடித்தால் அந்த இளகும் தன்மை எவ்வாறு கெடுகிறது என்பதே இப்பாடத்தின் பொருள். பிளஸ் டூ மாணவியருக்குப் பாடநூலில் உள்ளதைவிடச் சற்று அதிகமாகவும், பெற்றோருக்கு வீட்டில் உதவும்படியாகவும் எழுத முயல்கிறேன்.

நாஞ்சில் நாட்டில் வாழும் நமக்கு இதை விளக்க அயலூர் உவமை எதுவும் வேண்டியதில்லை. பேச்சிப்பாறை அணை 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அணையிலிருந்து புறப்படும் தண்ணீர் பெருங்கால்வாய், கிளைக்கால்வாய், வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து, கடைசியில் ஒரு வயலின் மடைக்கு வந்து சேருகிறது. இந்த வயலுக்கு இப்போது எவ்வளவு தண்ணீர் என்பதைத் தீர்மானிப்பது அணையல்ல, மடைதான். இரண்டு மண்வெட்டி மண்ணை எடுத்தால் வயல் நிறையும். திரும்பப் போட்டால் நிற்கும். இனி, ஓர் ஏலாவில் உள்ள அத்தனை மடைகளையும் பாதியளவு அடைத்துவிட்டதாக நினைத்துக் கொள்ளுங்கள். வாய்க்காலில் நீர்மட்டம் ஏறும், கரை தளும்பும், பலவீனமான இடத்தில் உடைப்பெடுக்கும். அதே நேரத்தில் வயலில் நெற்பயிர் வாடும். மேலே வெள்ளம், கீழே வறட்சி! நெடுநாள் இரத்தக் கொதிப்புள்ள பெரும்பாலோரின் உடம்பில் நடப்பது இதுவே. பெருந்தமனியில் அழுத்தம் மிகுதி. சிறுநீரகத்திலும் கண்ணின் விழித்திரையிலும் மூளையின் உட்பகுதியிலும் இரத்தப் பஞ்சம். இவ்விரண்டும் ஒரே காரணத்தால் வருவன என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

உடம்பின் மடைகளுக்கு நுண்தமனிகள் என்று பெயர். ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த குறுக்களவு கொண்டவை. இவற்றுக்குச் சற்று மேலே, மூன்றில் ஒரு மில்லி மீட்டர் வரை உள்ள சிறு தமனிகளையும் இக்கூட்டத்தில் சேர்த்துக் கொள்ளலாம். பெருந்தமனியை விட்டுப் புறப்பட்ட இரத்தம் நுண்தமனிகளை அடையும்போது அதன் சராசரி அழுத்தம் ஏறக்குறைய 85 மி.மீ. பாதரசம். அவற்றைக் கடந்து தந்துகிகளுக்குள் நுழையும்போது அது 35-க்கு வந்துவிடும். வேறெந்தப் பகுதியிலும் இவ்வளவு பெரிய இறக்கம் இல்லை. தந்துகிகளின் சுவர் ஒரே ஒரு செல் கனமுடையது. இந்த இறக்கம் இல்லாவிட்டால் அவை தாங்கா.

(மி.மீ. பாதரசம் என்னும் அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு வரலாறு. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குல உயரம் ஏறி நின்றது. இதை அவர் 1733-இல் அச்சிட்டார். அவ்வளவு நீளக் குழாயை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள முடியுமா? 1828-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் புவாசேய் கனமான பாதரசத்தைப் பயன்படுத்தி அளவைக் கைக்கு அடக்கமாக்கினார்.)

அதே புவாசேய் இன்னொரு விதியையும் கண்டார். குழாயில் பாயும் திரவத்தின் அளவு, குழாய் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவ்விதி. இயற்பியல் பாடத்தில் மனப்பாடம் செய்து மறந்துவிடும் இந்த வரியில்தான் இரத்தக் கொதிப்பின் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு நுண்தமனியின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். 0.9-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.656 வரும். அதாவது மூன்றில் ஒரு பங்கு இரத்தவோட்டம் போய்விட்டது! ஆரம் பாதியானால் பதினாறில் ஒரு பங்கே பாயும். மாறாக, நாளம் பத்தில் ஒரு பங்கு இளகி விரிந்தால் ஓட்டம் 46 சதவிகிதம் கூடும். சிறிய இளக்கத்துக்குப் பெரிய பலன். சிறிய இறுக்கத்துக்குப் பெரிய தண்டனை.

இனி, மடையைத் திறப்பவர் யார் என்று பார்ப்போம். நுண்தமனியின் சுவரில் வளையம் வளையமாக மென்தசைச் செல்கள் உள்ளன. அவை சுருங்கினால் நாளம் இறுகும், தளர்ந்தால் இளகும். நரம்புகள் கட்டளையிடுகின்றன, ஹார்மோன்கள் கட்டளையிடுகின்றன. இவை நெடுங்காலமாகத் தெரிந்தவை. ஆனால் நாளத்தின் உட்புறம் முழுவதும் ஒரே அடுக்காகப் பரவியிருக்கும் எண்டோதீலியம் என்னும் மெல்லிய படலத்தை 1970-களின் இறுதிவரை பலரும் வெறும் உள்பூச்சு என்றே கருதினர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது போல என்று நினைத்துக் கொண்டிருந்தார்கள்!

அந்த எண்ணத்தை மாற்றியவர் நியூயார்க் நகரின் புரூக்ளினில் பணியாற்றிய இராபர்ட் ஃபர்ச்காட். முயலின் பெருந்தமனியைப் பட்டையாக வெட்டி, அசிட்டைல்கோலின் என்னும் மருந்தைச் சொட்டினால் அது சுருங்கும் என்பது அவர் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் கண்ட பலன். உயிருள்ள உடம்பிலோ அதே மருந்து நாளங்களை இளகச் செய்து அழுத்தத்தைக் குறைக்கிறது. ஏன் இந்த முரண்பாடு? 1978-இல் ஒருநாள், வழக்கமான முறையிலிருந்து சற்று மாறிச் செய்த ஒரு பரிசோதனையில் தமனித் துண்டு சுருங்காமல் இளகியது. காரணத்தைத் தேடியபோது, முன்பெல்லாம் பட்டையை வெட்டித் தயார் செய்யும்போது உட்புறம் உரசி எண்டோதீலியம் உதிர்ந்து போயிருந்தது புலனாயிற்று. அந்தப் படலம் இருந்தால் நாளம் இளகுகிறது, இல்லாவிட்டால் இறுகுகிறது.

அத்துடன் அவர் நிற்கவில்லை. படலம் உரித்த ஒரு பட்டையையும் படலம் உள்ள ஒரு பட்டையையும் உட்புறம் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்து வைத்தார். மருந்தைச் சொட்டியதும் உரித்த பட்டையும் இளகியது. ஆகவே படலத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் புறப்பட்டுப் போய்த் தசையைத் தளர்த்துகிறது என்பது உறுதியாயிற்று. 1980-இல் இது வெளியாயிற்று. இவ்வளவு எளிய உபகரணங்களைக் கொண்டு இவ்வளவு பெரிய உண்மையை நிலைநாட்டிய பரிசோதனைகள் உயிரியலில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

அப்பொருள் யாது? 1986-இல் ஃபர்ச்காட்டும் இக்னாரோவும் தனித்தனியே அது நைட்ரிக் ஆக்சைடாக இருக்கலாம் என்றனர். 1987-இல் இங்கிலாந்தில் மொன்காடாவின் குழு எண்டோதீலியம் அதை வெளியிடுவதை அளந்தே காட்டியது. சில வினாடிகளே வாழும் ஒரு வாயு! எல்-ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதி இதை உண்டாக்குகிறது. வாயு தசைச் செல்லுக்குள் நுழைந்து சைக்ளிக் ஜி.எம்.பி. என்னும் பொருளைப் பெருக்குகிறது. அதனால் செல்லுக்குள் கால்சியம் குறைகிறது, தசை தளர்கிறது. இரத்தம் உராய்ந்து ஓடும் உராய்வே இந்த நொதிக்கு அன்றாடத் தூண்டுகோல். நடக்கும்போதும் ஓடும்போதும் ஓட்டம் மிகுவதால் வாயுவும் மிகுகிறது, நாளமும் இளகுகிறது.

1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மொன்காடாவின் பெயர் விடுபட்டது பலருக்கும் வருத்தம், எனக்கும்தான். பரிசைத் தோற்றுவித்த ஆல்ஃபிரட் நோபலின் செல்வம் எதிலிருந்து வந்தது தெரியுமா? டைனமைட்டிலிருந்து. டைனமைட்டின் உயிர் நைட்ரோகிளிசரின். பாறையைப் பிளக்கும் அதே பொருளை நெஞ்சுவலிக்காரரின் நாவடியில் சிறு அளவில் வைத்தால் வலி தணியும் என்பதை மருத்துவர்கள் 1879-இலிருந்தே அறிவர். நோபலுக்கும் கடைசிக் காலத்தில் அம்மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டது. அது உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாக மாறியே நாளத்தை இளக்குகிறது என்பது அவர் மறைந்து எண்பது ஆண்டுகள் கழித்து முராட் மூலம் தெரிய வந்தது.

சரி, இரத்தக் கொதிப்புக்காரரின் நாளத்தில் என்ன நேர்கிறது? அமெரிக்காவின் பெதெஸ்தா நகரில் பான்சாவும் தோழர்களும் 1990-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். இரத்தக் கொதிப்புள்ள 18 பேர், இல்லாத 18 பேர். முழங்கைத் தமனியில் சிறிதளவு அசிட்டைல்கோலினைச் செலுத்தி முன்கையின் இரத்தவோட்டத்தை அளந்தனர். நலமுள்ளவர்களுக்கு ஓட்டம் நன்கு பெருகியது. நோயாளிகளுக்கு அவ்வளவு பெருகவில்லை. இத்துடன் நிறுத்தியிருந்தால், நோயாளியின் தசையே கல்லாகிவிட்டது போலும் என்று முடிவு கட்டியிருப்போம். அவர்கள் இன்னொரு மருந்தையும் செலுத்தினர். நைட்ரோபுருசைடு என்னும் அம்மருந்து எண்டோதீலியத்தை எதிர்பாராமல் தானே நைட்ரிக் ஆக்சைடைத் தசைக்குக் கொடுப்பது. அதற்கு இரு சாராரின் நாளங்களும் ஏறக்குறைய ஒரேபோல் இளகின. ஆகவே தசைக்கு இளகத் தெரியும். இளகு என்று சொல்ல வேண்டிய படலம்தான் சொல்லவில்லை. நோயாளிகள் எல்லாரிடமும் இக்குறையைக் காண முடியவில்லை என்று 1994-இல் பிரிட்டனிலிருந்து மறுப்பும் வந்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பான்சாவின் பக்கமே நிற்கின்றன.

பெரிய நாளத்துக்கும் சிறிய நாளத்துக்கும் இங்கே ஒரு வேற்றுமை உண்டு. பெரிய தமனியில் இளக்கும் பொறுப்பை நைட்ரிக் ஆக்சைடே பெரும்பாலும் ஏற்கிறது. நாளம் சிறுக்கச் சிறுக்க இன்னொரு வழி முன்னுக்கு வருகிறது. எண்டோதீலியச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. செல்லின் உட்புற மின்னழுத்தம் இறங்குகிறது. அந்த இறக்கம் பக்கத்திலுள்ள தசைச் செல்லுக்கும் பரவி, கால்சியம் நுழையும் கதவுகளை மூடிவிடுகிறது. இதை மின்வழி இளக்கம் எனலாம். ஜப்பானில் கியோட்டோ நகரில் 1963-இல் அறிவிக்கப்பட்ட, பிறவியிலேயே இரத்தக் கொதிப்புக்கு ஆளாகும் எலி இனம் ஒன்றுண்டு. அவ்வெலிகளின் குடல் நாளங்களில் இந்த மின்வழி மங்கிப் போயிருப்பதை ஆய்வாளர் கண்டனர். ஆக, வாயுவழி குறைகிறது. அதற்குக் கைகொடுக்க வேண்டிய மின்வழியும் குறைகிறது.

ஏன் குறைகிறது? மிகுந்த அழுத்தமும் ஆஞ்சியோடென்சின் என்னும் ஹார்மோனும் நாளச் சுவரில் சூப்பராக்சைடு என்னும் தீவிர ஆக்சிஜன் பொருளைப் பெருக்குகின்றன. அது நைட்ரிக் ஆக்சைடைக் கண்டவுடன் சேர்ந்து அதை வேறொரு கேடான பொருளாக்கி விடுகிறது. படலம் வாயுவைச் செய்தாலும் தசைக்குப் போய்ச் சேருவதில்லை. இதே வேளையில் எண்டோதீலின் போன்ற இறுக்கும் பொருள்களும் கூடுகின்றன. இப்படி ஆண்டுக்கணக்கில் இறுகியே இருக்கும் நாளம் கடைசியில் தன் அமைப்பையே மாற்றிக் கொள்கிறது. தசைச் செல்கள் உள்நோக்கி நெருங்கி அடுக்கப்பட்டுச் சுவர் தடிக்கிறது, துவாரம் குறுகுகிறது. முதலில் மடை அடைபட்டிருந்தது. இப்போது மடையையே சிறிதாகக் கட்டியாயிற்று! அதன்பின் முழுவதும் இளகினாலும் பழைய அகலம் வருவதில்லை. புவாசேயின் நான்காம் படியை இங்கே நினைவுபடுத்திக் கொள்ளுங்கள்.

நோய் முதலா, இளகாமை முதலா? இக்கேள்வி பேத்திகளாகிய உங்களைத் தொடுவது. இத்தாலியில் பீசா நகரத்து ததேய் என்பாரின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோருக்கு இரத்தக் கொதிப்பு இருந்து தங்களுக்கு இல்லாத பிள்ளைகளிடமும் இந்த வாயுவழி சற்றுக் குன்றியிருந்தது. அழுத்தம் ஏறும் முன்னரே இளகும் தன்மை குறையத் தொடங்கலாம். ஏறிய அழுத்தம் அதை மேலும் குறைக்கும். குடும்பத்தில் பிரஷர் உண்டு என்றால் முப்பது வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

மயிலாடியில் பள்ளி நடத்திக்கொண்டு கல்லைப் பற்றிப் பேசாதிருந்தால் எப்படி! நம் ஊர்ச் சிற்பிகளின் உளியோசையில் வளர்ந்தவர்கள் நீங்கள். இப்போது பட்டறைகளில் கையுளியுடன் இயந்திரங்களும் ஓடுகின்றன. 1918-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் பெட்ஃபோர்டு ஊரில் சுண்ணாம்புக்கல் செதுக்குபவர்களை ஆலிஸ் ஹாமில்டன் என்னும் பெண் மருத்துவர் ஆராய்ந்தார். காற்றழுத்தச் சுத்தியலால் வேலை செய்த அவர்களின் விரல்கள், குளிர்ந்த காலையில் இரத்தமற்று வெளுத்து மரத்துப் போயின. உளியைப் பிடிக்கும் இடது கையிலே அது அதிகம். அதிர்வினால் விரல்களின் சிறு நாளங்கள் இளக மறுத்து இறுகிக் கொள்வதே காரணம். அது இரத்தக் கொதிப்பு அல்ல. ஆனால் அதே நாளங்கள், அதே இளகாமை. இயந்திரத்தில் தொடர்ந்து வேலை செய்யும் தந்தையோ அண்ணனோ விரல் வெளுக்கிறது, மரக்கிறது என்றால், பனியால் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இடையிடையே கைக்கு ஓய்வு, கையுறை, கைகளைச் சூடாக வைத்துக்கொள்ளுதல் ஆகியவை உதவும்.

இனி நான் சொல்லப் போவது நம் தமிழ்நாட்டில் படித்த ஒருவரின் கண்டுபிடிப்பு. பெண்கள் பள்ளி மலரில் இதற்கு இடம் தராமல் எதற்குத் தருவது?

கர்ப்பவதிகள் சிலருக்கு ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் திடீரென ஏறும். சிறுநீரில் புரதம் போகும். முகமும் கையும் வீங்கும், தலைவலிக்கும், கண் மங்கும். முற்றினால் வலிப்பு வந்து தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. நம் பாட்டிமார் இதை ஜன்னி என்றும் நீர்வீக்கம் என்றும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்தபின் நோய் தணிந்துவிடும் என்பது நெடுங்காலமாகத் தெரியும். நஞ்சுக்கொடியில் அப்படி என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாதிருந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிறுநீரக மருத்துவராகப் பணியாற்றிய அனந்த் கருமாஞ்சியும் அவர் தோழர்களும் 2003-இல் இதற்கு விடை கண்டனர். எண்டோதீலியம் நலமாயிருக்க வி.இ.ஜி.எஃப்., பி.எல்.ஜி.எஃப். என்னும் இரு வளர்ச்சிப் புரதங்கள் தேவை. நோயுற்ற தாயின் நஞ்சுக்கொடி எஸ்-எஃப்.எல்.டி.-1 என்னும் புரதத்தை அளவுக்கு மீறி இரத்தத்தில் விடுகிறது. அது இவ்விரு புரதங்களையும் பற்றிப் பிடித்து முடக்கிவிடுகிறது. எலியின் சிறுநீரக நுண்தமனிகளை எடுத்து அவர்கள் சோதித்தபோது, அவ்விரு வளர்ச்சிப் புரதங்களும் நாளத்தை இளக்கின. எஸ்-எஃப்.எல்.டி.-1 கூடச் சேர்ந்தபோது அந்த இளக்கம் தடைபட்டது. கர்ப்பமுற்ற எலிகளுக்கு அதை ஏற்றியபோது இரத்தக் கொதிப்பும் சிறுநீரில் புரதமும் மனிதத் தாய்மாருக்குப் போலவே வந்தன. மடையைத் திறக்கும் கையை ஒருவர் வந்து பிடித்துக்கொண்டால் எப்படியோ, அப்படி!

இந்தக் கண்டுபிடிப்பு ஏட்டளவில் நிற்கவில்லை. தாயின் இரத்தத்தில் இப்புரதங்களின் விகிதத்தை அளந்து, யாருக்கு நோய் முற்றக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனைக்கு அமெரிக்க அரசு 2023-இல் அனுமதி தந்தது. அச்சோதனை நம்மூர் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் வர நாளாகலாம். ஆனால் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்ப்பதும், சிறுநீரில் புரதம் பார்ப்பதும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக் கூடியவை. அக்காவோ அண்ணியோ கர்ப்பமாயிருந்தால், "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்று வீட்டில் சொல்லும்போது, "முகமும் வீங்கியிருக்கு, தலைவலிக்கு, கண்ணு மங்கலாத் தெரியுதுன்னு சொல்லுதா, இண்ணைக்கே போய்ப் பிரஷர் பாத்துட்டு வரலாம்" என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். இந்நோய் வந்து குணமான தாய்மாருக்குப் பிற்காலத்தில் இரத்தக் கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும் தெரிந்திருக்கட்டும். பிரசவம் முடிந்தது, கவலை தீர்ந்தது என்று ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடலாகாது.

மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு அழுத்தம் ஏறுவதற்கும் இப்படலமே ஓரளவு காரணம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் நைட்ரிக் ஆக்சைடு உண்டாவதற்குத் துணைநிற்பது. அது குறையும்போது அத்துணையும் குறைகிறது.

மருந்து வரலாற்றிலும் நம் நாட்டுக்கு ஒரு நல்ல இடம் உண்டு. சர்ப்பகந்தி என்னும் செடி மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளிலும் வளர்வது. மலையாளத்தில் அமல்பொரி என்பர். அதன் வேர் இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் என்று 1931-இலேயே வங்காளத்தில் சென், போஸ் என்னும் இரு மருத்துவர்கள் எழுதினர். உலகம் கேட்கவில்லை. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், தம் நோயாளிகளிடம் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. நாளங்களை இறுக்கும் நரம்பு முனைகளில் உள்ள இருப்பைத் தீர்த்துவிடுவதே அதன் வேலை. கட்டளை வராததால் தசை தளர்ந்தது. ஆனால் மனச்சோர்வு போன்ற தொல்லைகள் வந்ததால் நாளடைவில் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. வேர் நல்லதுதானே என்று யாரும் வீட்டில் அரைத்துக் குடிக்கத் தொடங்க வேண்டாம்.

பிற்கால மருந்துகள் சிலவற்றால் நாளத்தின் இளகும் தன்மையே திரும்பி வருகிறது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஷிஃப்ரின் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு மிக நுட்பமானது. நோயாளிகளின் பிட்டப் பகுதியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, தோலடியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, அதிலுள்ள சிறு தமனியைப் பிரித்து நேரடியாகச் சோதித்தனர். ஒரு சாராருக்கு லொசார்டன், மறு சாராருக்கு அட்டினலால். ஓராண்டு முடிவில் அழுத்தம் இரு சாராருக்கும் ஒரே அளவு இறங்கியிருந்தது. ஆனால் நாளச் சுவரின் தடிப்பு குறைந்து, எண்டோதீலியத்தின் இளக்கம் திரும்பி வந்தது லொசார்டன் உண்டவர்களுக்கே. கருவியில் தெரியும் எண் ஒன்றே. உள்ளே நாளத்தின் நிலை வேறு! இதைப் படித்துவிட்டு, "பாட்டியின் மாத்திரையை மாற்றுங்கள்" என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். யாருக்கு எது என்பதற்குச் சிறுநீரகம், சர்க்கரை, இதயத்துடிப்பு என்று பல கணக்குகள் உண்டு. லொசார்டனையே எடுத்துக்கொண்டாலும் கர்ப்பவதிகளுக்கு அது ஆகாது.

சுவரின் தடிப்பு கரைய ஓராண்டு ஆகிறது என்பதைக் கவனித்தீர்களா? "பிரஷர் குறைஞ்சாச்சு, இனி எதுக்கு மாத்திரை?" என்று பாட்டி நிறுத்துவது பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் மாதத்தில். எண் இறங்கியிருக்கும், நாளம் இன்னும் மாறியிராது. வலியில்லை, மயக்கமில்லை, ஆகவே நோயில்லை என்று அவர்கள் நினைப்பது இயல்பு. 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வொன்றில் வயது வந்தோரில் 33.9 சதவிகிதத்தினருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவிகிதம்தான். நூறு பேரில் ஏழு பேர்! 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து கொடுத்ததற்கு இத்தகைய நிலைமையே காரணம். வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குள் போவதைக் கவனிக்க வீட்டில் ஒருவர் வேண்டும். அது பேத்தியாக இருக்கட்டுமே.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற பழமொழியை நானும் அறிவேன். புத்தளம் உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உப்பைக் குறை சொல்வது எளிதன்று. ஆயினும் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள், என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பழங்கஞ்சிக்கு ஒரு துண்டு கருவாடு, பக்கத்தில் நார்த்தங்காய் ஊறுகாய், மத்தியானம் மீன்குழம்பும் பப்படமும், சாயங்காலம் மிக்சர் என்றால் கணக்கு எங்கே நிற்கும்? அழுத்தம் ஏறாதவர்களிடம்கூட, உப்பு மிகுந்த உணவால் எண்டோதீலியத்தின் இளக்கும் திறன் குறைவதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. கருவாட்டை அடியோடு விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, குழம்புக்கு வேறே உப்புப் போடாமல் செய்வதும், தினமும் என்றிருப்பதை வாரத்துக்கு ஒருநாள் என்றாக்குவதும் நடக்கக் கூடியவை. மரச்சீனிக் கிழங்கு வேகும் தண்ணீரிலும் அரைப்பங்கு உப்பே போதும். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

கடைசியாக, அழுத்தம் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியவை. பஸ்ஸை விட்டிறங்கி மூச்சிரைக்க ஓடிப்போய்க் கையை நீட்டக் கூடாது. அரைமணி நேரத்துக்கு முன் காப்பி, தேயிலை வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, பேசாமல் உட்கார வேண்டும். கையை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் வைக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்ப்பது நல்லது. ஒருநாள் 140/90 காட்டியதால் மட்டும் நோய் என்று முடிவு செய்வதில்லை. வேறொரு நாளும் பார்ப்பார்கள். தேதியையும் இரண்டு எண்களையும் ஒரு சிறு நோட்டில் நீங்களே எழுதி வைத்து, பாட்டி அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாத்திரை அட்டையோடு சேர்த்துப் பையில் வைத்து அனுப்புங்கள்.